போயிட்டு வர்றேன் என்ற பொத்தான்

ஆவுடையாபுரத்துக் கம்ப்யூட்டர்களுக்குள்ளிருந்து காற்று வீச ஆரம்பித்தது ஒரு வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே காலுக்கு. லாரி புக்கிங் ஆபீஸ் குருசாமி தன் மேசை மேல் இருந்த ரசீதெல்லாம் பறந்துபோய்ச் சுவரில் அப்பிக்கொண்டதைப் பார்த்தார், மானிட்டருக்குள் அலையடித்துக்கொண்டிருந்த கடலையும் ஒரு பார்வை பார்த்தார், எழுந்து வெளியே போய் ரோட்டோரத்தில் நாலு ஜல்லிக்கல் பொறுக்கி வந்து ரசீதுகள் மேல் வைத்தார், பிறகு எதிரே நின்ற டிரைவரிடம் தூத்துக்குடிக்கு எத்தனை மூட்டை என்று விட்ட இடத்திலிருந்து கேட்டார். அவ்வளவுதான். அந்த ஊர் வெயில் அப்படி. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று விசாரிக்கிற நிலைமையில் அங்கே யாரும் இல்லை.

விசாரித்த ஒரே ஆள் உக்கிரபாண்டி.

விசாரிக்க அவனுக்கு உரிமை உண்டு. ஏனென்றால் குருசாமியின் கம்ப்யூட்டருக்கு அதுவரை முகம் கொடுத்துவந்தவன் அவன்தான். குருசாமிக்கு மட்டுமா, பதினெட்டு வருஷமாக அந்த ஊரில் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் முதலில் தெரிவது உக்கிரபாண்டியின் கைவேலை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'உக்கிரம் கம்ப்யூட்டர்ஸ்' என்று கடை. பதினோரு வயதில் டீக்கடையில் கிளாஸ் கழுவியவன், டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு டீ கொண்டுபோன இடத்தில் கெட்டுப்போன கம்ப்யூட்டர் ஒன்றைக் குப்பையில் போடச் சொன்னபோது 'நான் போட்டுட்டு வர்றேன் சார்' என்று தூக்கிக்கொண்டு வந்து, நாலு மாதம் பிரித்துப் பிரித்துச் சேர்த்து, அதற்கு உயிர் வந்த அன்று டீக்கடை முதலாளியிடம் கிளாஸை உடைக்காமல் வைத்துவிட்டு வெளியேறியவன். மூக்கு நுனியில் கோபம், நாக்கு நுனியில் பேரம். கறிவேப்பிலைக்கும் பேசுவான், காது குத்துக்கும் பேசுவான், டாக்டர் ஐந்து ஊசி என்றால் மூன்றில் முடியுங்கள் என்பான்.

அவன் தொழில் தீம் போடுவது. கம்ப்யூட்டரைத் திறந்ததும் கண்ணில் படுகிற முகப்பு மொத்தத்தையும், பின்னால் விரிகிற படம், அதன் மேல் உட்காருகிற ஐகான்கள், மௌஸ் அம்பு, ஜன்னல் ஓரத்து நிறம், எழுத்து, திறக்கும்போது கேட்கிற சத்தம் என்று எல்லாவற்றையும் ஆளுக்குத் தக்கபடி அளவெடுத்துச் சேர்த்துக் கொடுப்பது. உக்கிரபாண்டி கொடுத்த தீம்களில் சிங்கம் இருக்கும், சிங்கத்துக்குப் பிடரியில் நெருப்பு இருக்கும், முதலாளி பெயர் தங்க எழுத்தில் மின்னி மின்னி அணையும், மௌஸ் அம்பு மயிலிறகாக இருக்கும், திறந்தால் கொட்டுமேளம், மூடினால் வேட்டு. ஊர் அதில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பங்குனியில் அவன் கடைக்கு நேர் மாடியில், முன்பு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டிருந்த ஆறுக்கு எட்டு அறையில், இன்னாசிமுத்து என்று ஒருவன் வந்து உட்கார்ந்தான். கடற்கரைப் பக்கத்து ஆள். முப்பது வயதிருக்கும், பேசினால் எதிராளி குனிந்து கேட்க வேண்டும், அவ்வளவு மெல்லிய குரல். அவனும் தீம்தான் போட்டான். வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பான்.

"கண்ணை மூடினா நீங்க எங்க இருக்கீங்க?"

குருசாமி கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் மணப்பாட்டுக் கரையில் ஒரு நாள் இருந்ததாகச் சொன்னார். பதினோரு நாள் கழித்து வாங்க என்றான். பதினோராவது நாள் கடல் விரிந்தது. ஃபோல்டர்கள் மீன்கூடைகளாக இருந்தன. மௌஸ் அம்பு ஒரு நாரை இறகு. கம்ப்யூட்டர் யோசிக்கிற நேரத்தில் சின்ன நண்டு ஒன்று குறுக்கே நடந்து போயிற்று. திறந்தால் தூரத்தில் யாரோ வள்ளம் இழுக்கிற ஏலேலோ. பொத்தான்களில் இருந்த சொற்களையும் அவன் விட்டுவைக்கவில்லை. திறக்கிற பொத்தானில் 'வாங்க' என்று எழுதினான். ஒன்றை அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்கிற இடத்தில், வேண்டாம் என்பதற்குப் பதில் 'இருக்கட்டும்' என்றிருந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி அணைக்கிற பொத்தானில் 'போயிட்டு வர்றேன்' என்று எழுதியிருந்தது. சாயங்காலம் குருசாமி அதை அழுத்தும்போது கடல் அலையைச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கும். காலையில் 'வாங்க' என்றதும் திரும்ப வரும்.

அந்தக் கடலிலிருந்து காற்றும் வந்ததுதான் கூடுதல். அது எப்படி என்று இன்னாசிமுத்துக்கே தெரியவில்லை. ரசீது பறந்துவிட்டதென்று குருசாமி மாடியேறி வந்து சொன்னபோது, 'கல்லு வச்சீங்களா' என்று கேட்டான், வேறென்ன சொல்வது.

பிறகு ஊர் அவனிடம் வரிசை கட்டியது. தையல்கடை சுடலைமணிக்குக் குற்றாலத்துச் சாரல் வந்தது. சாரல் பக்கத்து வீட்டுச் சுவரில் ஓதம் இறங்கியதால் வியாபாரிகள் சங்கத்தில் பேச்சுவார்த்தை நடந்து, சுடலைமணி காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் கம்ப்யூட்டரைத் திறக்கலாம், வடிகிற தண்ணீர் பக்கத்து வீட்டுக் கீரைப்பாத்திக்குப் பாத்தியம் என்று முடிவாயிற்று. வக்கீல் ஆபீசில் கொடைக்கானல் குளிர் இறங்கியது. டீக்கடைக்காரர் காலையில் பால்கேனைக் கொண்டுபோய் வக்கீலின் மானிட்டர் முன்னால் வைத்துவிட்டு வந்தார், பால் திரியாமல் இருந்தது, வக்கீலுக்கு டீ இனாம். ஜெராக்ஸ் கடை மல்லிகா புளியமர நிழல் வாங்கித் தன் பிள்ளைக்கு அதன் கீழே தூளி கட்டினாள்; கீபோர்டில் காக்கை எச்சம் விழுந்தது, துடைத்துக்கொண்டாள். தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் 'மழை, பனி, கடல் தீம்களுக்கு உள்ளே அனுமதி இல்லை' என்று போர்டு மாட்டினார்கள், குச்சி நமத்துவிடும் என்று. குருசாமியின் மச்சினன் அந்தக் கடலைக் காப்பி எடுத்துத் தன் கடையில் போட்டுப் பார்த்தான். கடல் ஒன்றுதான் என்பதால் ஆறு மணி நேரம் இங்கே ஏற்றம், ஆறு மணி நேரம் அங்கே ஏற்றம் என்று முறை வைத்துக்கொண்டது, அதிலும் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

உக்கிரபாண்டிக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்றால் சொல்லுக்குச் சொல்வதல்ல, பெண்டாட்டி வேலுத்தாய் ஊற்றிக் கொடுத்த மோர் வயிற்றுக்குள் போனதும் கொதிக்கிற சத்தம் அவனுக்கே கேட்டது. இன்னாசியின் கடலைவிடப் பத்து மடங்கு பெரிய கடல் படம் ஒன்றைத் தேடிப்பிடித்து, அதில் நாலு திமிங்கிலத்தை விட்டு, தங்க ஜரிகை கட்டித் தன் மானிட்டரில் ஏற்றி, முகத்தைக் கிட்டே கொண்டுபோய் நின்றான். தன் மூச்சின் சூடுதான் திரும்பி வந்து அடித்தது. கடைசியில் மானிட்டருக்குப் பின்னால் ஒரு டேபிள் ஃபேனை மறைத்து வைத்தான்.

"உக்கிரபாண்டி தீம்ல ஒரே ஒரு குறைதான்," என்றார் டீக்கடையில் ஒருவர். "றெக்கை சுத்துற சத்தம் கேக்குது."

அன்று அவன் மாடியேறினான். "என்ன வேணும்னு சொல்லுடே. பேசி முடிச்சுக்குவோம். அந்தக் காத்து எங்கேருந்து எடுக்க?"

"எடுக்கலை அண்ணாச்சி," என்றான் இன்னாசி. "அதுவா வருது."

"அதுவா வருதுன்னா, என் கடையில என்ன முள்ளுவேலியா போட்டிருக்கேன்?"

இன்னாசி மெல்லச் சிரித்தான். அந்தச் சிரிப்பை உக்கிரபாண்டி படியிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் மிதித்துக்கொண்டே இறங்கினான்.

வியாபாரம் போனது போகட்டும் என்று அவன் ஒருவாறு பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருப்பான். ஆனால் ஆனி பிறந்த நாலாம் நாள், டீக்கடையில் சுடலைமணி வாயில் வடையோடு கேட்டான்: "ஆமா, உங்க வீட்டு அக்காவும் இன்னாசிகிட்ட தீம் வாங்கிருக்காகளே. என்ன எடம் அது?"

உக்கிரபாண்டி தெரிந்த மாதிரி தலையை ஆட்டினான். "அதுவா. நல்ல எடந்தான்," என்றான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

வேலுத்தாய் பத்திர எழுத்தர் சங்கரலிங்கத்திடம் டைப் அடிக்கிறவள். அவள் உட்காருகிற கம்ப்யூட்டருக்குக் கல்யாணமான வருஷத்தில் உக்கிரபாண்டியே ஒரு தீம் போட்டுக் கொடுத்திருந்தான், இரண்டு அன்னம், நடுவில் இதயம், இதயத்துக்குள் அவன் பெயரும் அவள் பெயரும் மாறி மாறி மின்னும். பன்னிரண்டு வருஷமாக அது மின்னிக்கொண்டிருந்தது. அந்த அன்னங்களைத் தூக்கிவிட்டாள். தூக்கிவிட்டு மாடிக்காரனிடம் போயிருக்கிறாள். போய், கண்ணை மூடி, அவன் எதிரே ஏதோ ஒரு இடத்தைச் சொல்லியிருக்கிறாள். கட்டினவனிடம் சொல்லாத இடம்.

"என்ன வாங்குன?" என்று கேட்டான் அன்று சாப்பாட்டுக்கு முன்னால்.

"என்னத்த?"

"இன்னாசிகிட்ட."

"ஓ. ஒரு எடம்."

"எடம்னா? கடலா, மலையா, காடா?"

"சும்மா ஒரு எடம்ங்க. சோறு ஆறுது."

அவள் பொய் சொல்லியிருந்தால் அவன் தாங்கியிருப்பான், பொய்யை எப்படிப் பேசிப் பேசி இறக்குவது என்று அவனுக்குத் தெரியும். அவள் சொல்லாமல் விட்டாள். மறுநாளிலிருந்து அவள் வேலை முடிந்து வருகிறபோது வாசலிலேயே நின்று பார்த்தான். குருசாமி வீட்டுக்குப் போனால் சட்டையில் உப்புப் பூத்திருக்கும், சுடலைமணிக்கு எந்நேரமும் வேட்டி நனைந்திருக்கும். இவளிடம் ஒன்றுமே இல்லை. சேலையில் மணல் இல்லை, தலையில் இலை இல்லை. முகம் மட்டும் நன்றாகத் தூங்கி எழுந்த முகமாக இருந்தது. அந்த முகத்தை அவன் இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை, யார் கொடுத்த முகம் அது என்று தேட ஆரம்பித்தான். கொடியில் காய்ந்த அவள் முந்தானையை எடுத்து மோந்து பார்த்தான். லேசாகத் துருவாசனை. இரும்பு. லேத் பட்டறைத் தருமர் ஞாபகத்துக்கு வந்தார். அன்று முழுக்கத் தருமரின் பட்டறை வாசலில் நின்று, ஒரு இரும்புக் கம்பியை விலை பேசுகிற மாதிரி மோந்து மோந்து பார்த்தான். அறுபத்திரண்டு வயசு மூட்டுவலிக்காரர் தருமர், 'கம்பியை நக்கியும் பாரு தம்பி' என்றார். அவராக இருக்க முடியாது என்று தெரிந்தது. அதில் ஒரு ஆறுதலும் வரவில்லை. அவராக இருந்தாலாவது சண்டை போட ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வேலுத்தாய் தூக்குவாளியைக் கழுவக் குழாயடிக்குப் போன நேரம், பிரின்டர் பார்க்க வந்ததாகச் சங்கரலிங்கத்திடம் சொல்லிவிட்டு உட்கார்ந்து, அந்தத் தீம் முழுவதையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கினான்.

அடுத்தவன் பொருளை அப்படியே வைக்க அவனுக்குக் கை வராது. தன் கை பட்டால்தான் தன் பொருள். படத்தைத் திறந்து பார்க்கிறதற்கு முன்னால் பொத்தான் சொற்கள் இருந்த கோப்பைத் திறந்தான், மேலிருந்து கீழே பேரம் பேசிக்கொண்டே வந்தான். 'வாங்க' என்பதை 'வா' என்று வெட்டினான். 'இருக்கட்டும்' என்பதை 'விடு' என்றாக்கினான். 'போயிட்டு வர்றேன்' என்பதைப் பார்த்ததும் கோபம் வந்தது. இத்தனூண்டு பொத்தானுக்கு இத்தனை நீளமா, என்ன கொஞ்சல். 'போறேன்' என்று மாற்றினான். வீட்டை விட்டு இறங்குகிற மனுஷன் அந்தச் சொல்லை அப்படிச் சொல்லக்கூடாது என்று அவனுக்குத் தெரியாதா, பிணம் தூக்குகிற வீட்டில்கூட வந்தவர்கள் சொல்லாமல்தான் கிளம்புவார்களே தவிர, போறேன் என்று யார் வாயிலும் வராது. ஆனால் அதெல்லாம் மனுஷனுக்கு. பொத்தானுக்கு வாசல்படியா இருக்கிறது?

மாற்றிவிட்டு 'வா' என்பதை அழுத்தினான்.

முதலில் நின்றது பஸ் ஸ்டாண்டுச் சத்தம். பிறகு ஈ பறக்கிற சத்தம் நின்றது. பிறகு அவன் கடையின் மூன்று சுவர்களும் எங்கோ தள்ளிப்போய், அவன் ஒரு அறைக்குள் நின்றுகொண்டிருந்தான். கீழே சிவப்புத் தளம், மேலே உயரமான ஓட்டுக்கூரை, கை வைத்த அகலமான மரநாற்காலி ஒன்று, மண்பானை, அதன் மேல் கவிழ்த்த ஒரு டம்ளர், பச்சை பெயின்ட் அடித்த ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு, காட்டை அறுத்துக்கொண்டு போகிற இரண்டு தண்டவாளம். சுவரில் 'பெண்கள் காத்திருக்கும் அறை' என்று எழுதியிருந்தது. ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷன். துருவாசனை அங்கேயிருந்துதான்.

அவன் ஆளைத் தேடினான். நாற்காலிக்கு அடியில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். கதவுக்குப் பின்னால் பார்த்தான். ஜன்னல் கட்டையில் பீடித்துண்டு, சீப்பு, வெற்றிலைக் காம்பு, ஏதாவது. இரண்டாவது டம்ளர் ஒன்று எங்காவது ஒளித்து வைத்திருக்கிறதா என்று பானைக்குள் கையை விட்டுத் துழாவினான். நாற்காலி ஒன்றுதான். அதில் ஒரு ஆள் உட்கார்ந்த பள்ளம்தான். அவன் அதில் உட்கார்ந்து பார்த்தான். உட்கார்ந்ததும் அந்த அறையிலேயே சத்தமான பொருள் தன் மூச்சுதான் என்று அவனுக்குத் தெரிந்தது.

யாருமே இல்லை. இங்கே வந்துதான் அவள் உட்காருகிறாள். எவனோடும் இல்லை, எவனையும் நினைத்தும் இல்லை, சும்மா உட்கார்ந்து எழுந்து அந்த முகத்தோடு வீட்டுக்கு வருகிறாள். எவனாவது இருந்திருந்தால் அவனைவிட நான் எதில் குறைச்சல் என்று கேட்டிருக்கலாம். யாருமில்லாத ஒன்றிடம் போய் என்ன கேட்பது, எப்படிப் பேசி இறக்குவது. அவனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. எழுந்து மௌஸைத் தேடிப்பிடித்து, 'போறேன்' என்பதை ஓங்கி அழுத்தினான்.

டம்ளர் பானை மேலிருந்து எழுந்தது. நாற்காலி ஒரு வயசான ஆள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவதுபோல எழுந்தது. ஜன்னல் தானே சாத்திக்கொண்டது. அறை அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று. மானிட்டரில் வெறும் நீலம் நின்றது. ஒரு டீ குடிக்கிற நேரம் அவனுக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

மூன்று மணிக்குச் சங்கரலிங்கத்தின் ஆபீசிலும் அந்த நீலம்தான் இருந்தது. இடம் ஒன்றுதானே. வேலுத்தாய் நாலு தரம் அணைத்து நாலு தரம் திறந்து பார்த்தாள். இன்னாசிமுத்து படியிறங்கி வந்து, ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு, சொல்லக் கூசிக்கொண்டு சொன்னான்: "யாரோ போறேன்னு சொல்லிட்டாங்க அக்கா. அப்படிச் சொல்லி அனுப்பினா எங்கிட்ட வர்றதில்லை."

"திரும்பச் செய்ய முடியாதா தம்பி?"

"படத்தைச் செய்யலாம். வர்றதும் வராததும் அது இஷ்டம்."

விஷயம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் ஊரே தங்கள் தங்கள் பொத்தானைப் பார்க்க ஓடியது. குருசாமி 'போயிட்டு வர்றேன்' என்பதை எழுத்துக்கூட்டிப் படித்து மூச்சு விட்டார். மல்லிகா தூளியை அவிழ்த்துப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். பென் டிரைவோடு உக்கிரபாண்டி ஆபீசிலிருந்து போனதைப் பார்த்தவர்கள் ஏழு பேர். யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை, டீக்கடையில் அவன் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள், எழுந்தவர்கள் எல்லோரும் 'வர்றேன்', 'வர்றேன்' என்று அவன் காதுபடச் சொல்லிவிட்டே போனார்கள்.

வீட்டில் வேலுத்தாய் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"உள்ள போனீகளா?"

அவன் பேரம் பேசவில்லை. "போனேன்."

"உக்காந்தீகளா?"

"உக்காந்தேன்."

"என்ன பாத்தீக?"

"யாரும் இல்ல."

"அதைத்தான் கேட்டு வாங்கினேன்," என்றாள். அரிசியிலிருந்து கழுநீரை வடித்தாள். "டீச்சர் டிரெயினிங் பரிட்சை எழுதிட்டு வாறேன், கருங்காலிப்பட்டி ஸ்டேஷன்ல வண்டி நாலு மணி நேரம் லேட்டு. அந்த ரூம்ல நான் மட்டும். ஒருத்தர் எங்கிட்ட ஒண்ணு கேக்கலை. ஒரு பொருளுக்கு வெலை பேசலை. எனக்கே எம்பேரு மறந்துபோச்சுன்னா பாத்துக்கோங்க. அதுக்கப்புறம் உங்களைக் கட்டிக்கிட்டு வந்தேன்." அடுப்பைப் பற்ற வைத்தாள். "உங்க மேல குத்தம் சொல்லலை. நீங்க சத்தமான ஆளு. சத்தமான ஆளுன்னு தெரிஞ்சுதான் கட்டினேன். ஒரு மணி நேரந்தானே எடுத்துக்கிட்டேன்."

அவன் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொன்னது என்னவென்றால், "என்னைக் கேட்டிருந்தா இதைவிட நல்ல ரூமா போட்டுத் தந்திருப்பேனே."

வேலுத்தாய் அரிசியை உலையில் போட்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தலை சீவி, மஞ்சள் துணிப்பையில் ஒரு சேலையை மடித்து வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பன்னிரண்டு வருஷமாகத் தண்ணீர் எடுக்கப் போனால்கூடப் 'போயிட்டு வர்றேங்க' என்று சொல்லிவிட்டுப் போகிறவள், படியில் நின்று, அவனைப் பார்த்து, அடக்கமாக, தெளிவாகச் சொன்னாள்.

"போறேன்."

எதிர் வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் கையிலிருந்து மாவு கொட்டிற்று. பால்காரர் சைக்கிளிலிருந்து ஒரு காலை ஊன்றினார். "வர்றேன்னு சொல்லு தாயி," என்றார் மெல்ல. "சும்மா வாய் வார்த்தைக்காவது சொல்லு." வேலுத்தாய் அவரைப் பார்த்துத் தலையசைத்தாள், சொல்லவில்லை, நடந்தாள்.

உக்கிரபாண்டி சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னால் போனான். பாசஞ்சர் வண்டியில் அவள் ஏறிய பெட்டிக்கு அடுத்த பெட்டியில் ஏறினான். கருங்காலிப்பட்டியில் வண்டி இரண்டு நிமிஷம் நின்றது. அவளும் அவனும்தான் இறங்கினார்கள். பச்சை ஜன்னல், ஓட்டுக்கூரை, சுவரில் அதே எழுத்து. கதவில் தலை பெருத்த பூட்டு. வேலுத்தாய் பூட்டில் கை வைத்து நின்றாள்.

கொடியும் கையுமாக வந்த ஸ்டேஷன்காரர் பலவேசம் சொன்னார்: "அது ஒம்பது வருஷமா சுண்ணாம்பு மூட்டை போடுற கிட்டங்கிம்மா. பொம்பளையாளு யாரு இங்க வந்து காத்துக் கெடக்கா?"

அப்போதுதான் உக்கிரபாண்டி கிட்டே வந்தான். வேலுத்தாய் திரும்பிப் பார்த்தாள், முகத்தில் கோபமும் இல்லை, வேறொன்றும் இல்லை. அவன் அவளைத் தாண்டிப் போனான். பலவேசத்தின் கையைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் வாழ்நாளில் பேசாத பேரத்தைப் பேசினான். பலவேசம் முடியாது என்றார். முடியாது என்பது கால் மணி நேரம் திறந்து வைக்கலாம் என்றாயிற்று. கால் மணி அரை மணி ஆயிற்று. உள்ளே இருக்கிற நாற்பத்தோரு மூட்டையை யார் எடுப்பது என்றார், நான் எடுக்கிறேன் என்றான். எடுத்தால் திரும்ப யார் வைப்பது, நான் வைக்கிறேன். மேலதிகாரி வந்தால், நான் காலில் விழுகிறேன். கடைசியில் கடைசி வண்டி வரைக்கும் என்று படிந்தது. பலவேசத்துக்குத் தான் எப்படி அங்கே வந்து சேர்ந்தோம் என்று புரியவில்லை, சாவியைக் கொடுத்துவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாற்பத்தோரு மூட்டை. ஒவ்வொன்றாக முதுகில் தூக்கிப் பிளாட்பாரத்தில் அடுக்கினான், சுண்ணாம்பு வேர்வையில் கரைந்து தோளைப் பொசுக்கியது. முதல் மூட்டை தரையில் விழுந்தபோது தொம்மென்று கேட்டது. பத்தாவது மூட்டைக்குச் சத்தம் பாதிதான். முப்பதாவது மூட்டைக்கு அதுவும் இல்லை. மூட்டைகளுக்குப் பின்னால் நாற்காலி இருந்தது, பானை இருந்தது, பானை மேல் டம்ளர் இருந்தது, எல்லாம் கொஞ்சம் முன்னால்தான் வந்து சேர்ந்த மாதிரி. கம்ப்யூட்டரை விட்டுப் போன அமைதி தன் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. அவன் வேட்டி முனையால் நாற்காலியைத் துடைத்தான். வேலுத்தாய் உள்ளே போனாள். அவன் கதவை வெளியேயிருந்து சாத்தினான்.

சாத்தின கதவுக்கு வெளியே நின்றபோது பழைய எரிச்சல் திரும்ப ஏறியது. இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, தூசியும் ஒரு நாற்காலியும். அதற்கு இவ்வளவு. காதை வைத்துக் கேட்கலாமா என்று தோன்றி, ஓரடி எடுத்து வைத்தான். அப்போது தெற்கேயிருந்து கூட்ஸ் வண்டி வந்தது.

இன்ஜின்காரன் ஹார்ன் ஊதப்போகிறான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பிளாட்பாரத்துக்கு முன்னால் ஊதுவதற்கென்றே ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். உக்கிரபாண்டி ஓடினான். பிளாட்பாரத்தை விட்டுக் குதித்து, ஜல்லியில் செருப்பு கழன்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதுகெல்லாம் வெள்ளையாகத் தண்டவாளத்தின் ஓரமாக எதிரே ஓடி, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். வாயைத் திறக்கவில்லை, திறந்தால் தன் சத்தம் அவளுக்குக் கேட்டுவிடும். விரல்களால் பேசினான்: வேண்டாம் சாமி, ஒரே ஒரு தரம், இந்த ஒரு ஸ்டேஷன் மட்டும். இன்ஜினில் இருந்த டிரைவர் ஹார்ன் மேல் வைத்த கையை எடுத்துத் தாடையைச் சொறிந்துகொண்டார்.

ஐம்பத்தெட்டுப் பெட்டி நிலக்கரி, ஒரு பூனை கூடத்தைக் கடப்பதுபோல அந்த ஸ்டேஷனைக் கடந்து போயிற்று. பலவேசம் பச்சைக் கொடியைக் காட்டிவிட்டு, கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ரிஜிஸ்டரில் எழுத உள்ளே போனார்.

உக்கிரபாண்டி மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது கதவு ஒரு சாண் திறந்தது. வேலுத்தாயின் முகம் தெரிந்தது, அந்த முகம்.

"அடுத்த வண்டி எத்தனைக்கு?"

"அஞ்சு இருவது."

"அதுக்கடுத்தது?"

"எட்டே காலு. அதான் கடைசி."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எட்டே காலுக்குப் போவோம்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அஞ்சு இருபது வண்டி காலியாக இருக்கும், எட்டே கால் வண்டியில் நிற்க இடமிருக்காது, மேல்ரோட்டுக்கு நடந்தால் ஆறு மணிக்கு ஒரு பஸ்கூட உண்டு. எல்லாம் அவன் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் 'போவோம்' என்று அவள் சொன்ன சொல்லில் அவனும் இருந்தான். அதில் ஒரு எழுத்து குறைந்துவிடப் போகிறதே என்ற பயத்தில், ஒரு சுண்ணாம்பு மூட்டையை நகர்த்திப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கதவைப் பார்க்க அவனுக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருந்தது.